அண்டி ஆபீசுக்குப் புகை வந்த படலம்

நாகர்கோவிலில் காற்று இலவசம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நுழைந்து வரும் அது, ஆடி மாதத்தில் வக்கீலின் காகிதக் கட்டையும் மீன்காரியின் குடையையும் ஒரே மரியாதையோடு பறக்கவிடும். இப்படிச் சும்மா கிடைக்கிற ஒன்றை விற்பதற்கு ஒரு நிறுவனமும், நிறுவனத்துக்கு ஒரு விற்பனைப் பிரிவும், பிரிவுக்குக் கழுத்தில் டை கட்டிய பதினோரு பேரும் வேண்டும் என்பது 2004-க்கு முன்பு இந்த மாவட்டத்துக்குத் தெரியாது. சமீரா கிரீன் சொல்யூஷன்ஸ் வந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் அவர்கள் காற்றாலைகளை விற்றார்கள். வாங்க வந்த வெளியூர் மில் முதலாளிகள் யாரும் காற்று எப்படி அடிக்கும் என்று கேட்டதில்லை. வரி எவ்வளவு மிச்சம் என்றுதான் கேட்டார்கள். காற்றாலை நட இடம் தீர்ந்ததும் நிறுவனம் யோசித்தது. இனிமேல் புகை விடுகிற தொழிற்சாலைகளுக்குப் போய், புகையைக் குறைக்க வைத்து, குறைத்ததற்குச் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தச் சான்றிதழ் இருந்தால் வெளிநாட்டுக்காரன் மனம் உறுத்தாமல் சரக்கு வாங்குவான். இதற்குத் 'தொழில்துறைக் கரிக்குறைப்புத் தீர்வுகள்' என்று பெயர். பொது மேலாளர் குமாரதாஸ் இதை ஒரே மூச்சில் சொல்வார். மற்றவர்கள் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ராஜகுமாரும் ஷிஜினும் 2008-இல் ஒரே நாளில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தார்கள். ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் எம்.பி.ஏ. படித்தவர்கள். அலுவலகத்திலும் ஒரே மேசைதான் கிடைத்தது. ராஜகுமாருக்கு மேசைக்கால் ஆடும் பக்கம்.

ராஜகுமார் கெட்டவன் இல்லை. பிறருக்கு நல்லது நடந்தால் மனதாரச் சந்தோஷப்படுகிறவன்தான். ஷிஜின் மட்டும் அந்தப் பிறரில் சேர்த்தி இல்லை. ஷிஜினின் பைக் ஒரே உதையில் கிளம்பும். ஷிஜின் சாயா கேட்டால் கடைக்காரர் பாலாடை நீக்கித் தருவார். ஷிஜினுக்கு ஜலதோஷம் வந்தால்கூட மூக்கு சிவந்து பார்க்க லட்சணமாக இருக்கும். இதையெல்லாம் பார்க்கும்போது ராஜகுமாரின் வயிறு எரிந்தது. அதில் புகை வராது என்பதால் நிறுவனம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

2010-இல் முதல் அடி விழுந்தது.

அந்த ஆண்டுக்கான கரிக்குறைப்புக் கேடயம் ஷிஜினுக்கு. கண்ணாடியில் செய்த சிறு காற்றாலை அது, இறக்கைகள் சுற்றாது. ஷிஜினின் வாடிக்கையாளர் வைகுண்டராஜன் செங்கல் சூளை வைத்திருந்தார். அந்தச் சூளைக்குக் காற்று வாக்கில் இருந்த ஊரில் வெள்ளைச் சட்டை என்கிற வழக்கமே நின்றுபோயிருந்தது. ஷிஜின் போய்ப் பேசி, புகையை நூறிலிருந்து எண்பதாக்கினான். இருபது சதவீதம்.

ராஜகுமாரின் வாடிக்கையாளர் நேசபாய். கருங்கல் ஊர்ப் பக்கம் முந்திரித் தொழிற்சாலை நடத்துகிற அம்மாள். அந்தப் பக்கத்தில் அதை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். விறகு விலை ஏறிய வருடம் நேசபாய் விறகையே விட்டுவிட்டார். கூரையில் கறுப்புத் தகடு போட்டு வெயிலில் காற்றைச் சுடவைத்துப் பருப்பை உலர்த்தினார். கொட்டையை வேகவைக்கத் தொழுவத்துச் சாண வாயு. பழைய புகைபோக்கியில் கோவைக்கொடி படர்ந்து, உச்சியில் தேனீ கூடு கட்டியிருந்தது. இதையெல்லாம் படம் பிடித்து, நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதி, ராஜகுமார் குமாரதாசின் மேசையில் வைத்தான்.

மதிப்பெண் பூஜ்யம் வந்தது.

"சார், அங்க புகையே இல்ல சார்" என்றான்.

"அதுதான் பிரச்சினை" என்றார் குமாரதாஸ். அவர் கோபப்படாத மனிதர். விளக்கிச் சொல்லியே கொல்வார். "உங்க வாடிக்கையாளர் சுத்தமா இருக்காங்க. நான் மறுக்கல்ல. ஆனா சுத்தம்ங்கிறது சாதனை இல்ல, ராஜகுமார். அது ஒரு நிலைமை. நாம நிலைமையை விக்கல்ல, மாற்றத்தை விக்கிறோம். புகையே இல்லாதவங்க எதைக் குறைப்பாங்க? குடிக்காதவனுக்குக் குடியை விட்டதுக்குப் பாராட்டு விழா எடுக்க முடியுமா? வைகுண்டராஜனைப் பாருங்க. அவர் சூளையில நின்னா எதிர்ல நிக்கிற ஆள் தெரியமாட்டான். இப்போ லேசாத் தெரியுறான். அந்த லேசா இருக்கு பாத்தீங்களா, அதுக்குத்தான் உலகமே காத்திருக்கு."

கேடயத்தோடு ஷிஜினுக்குச் சீனியர் பதவியும், புது விசிட்டிங் கார்டும் வந்தன. கார்டுதான் ராஜகுமாரைத் தூங்கவிடவில்லை. அது விதைத்தாளில் அச்சடித்தது. மண்ணில் புதைத்தால் முளைக்குமாம். ஓரத்தில் பச்சை எழுத்தில் 'என்னை நடுங்கள்' என்று இருந்தது. ராஜகுமாரின் கார்டு சாதாரண அட்டை. மழையில் நனைந்தால் பெயர் அழியும். மற்றபடி அதற்கு எதிர்காலம் கிடையாது.

ஒரு மதியம் ஷிஜின் கைகழுவப் போன நேரத்தில், ராஜகுமார் ஒரு கார்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். வடசேரியில் தன் வீட்டுக் கொல்லையில், யாரும் பார்க்காமல் குழி தோண்டிப் புதைத்தான். முளைக்காது என்று நிரூபித்துவிட்டால் மனம் ஆறும் என்பது திட்டம். பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அந்தப் பத்து நாளும் அவன் நன்றாகச் சாப்பிட்டான். பதினொன்றாம் நாள் இரண்டு இலை விட்டது. இரண்டு மாதத்தில் காந்தாரி மிளகு என்கிற ஊசி மிளகாய்ச் செடியாகி, சாண் உயரத்திலேயே பூத்தது.

"என்ன சாதி விதையோ, எப்பிடிக் காய்க்கு பாத்தேளா" என்றாள் மனைவி சுபிதா, கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள மிளகு உடைத்தபடி. "ஷிஜின் அண்ணனுக்க மொளவு நல்ல உறைப்பு."

"அவனுக்க மொளவுன்னு யாரு சொன்னா?"

"நீங்கதான். ராத்திரி தூக்கத்தில."

அடுத்த ஆண்டு ஷிஜின் இன்னும் உயரப் போனான். அஞ்சுகிராமத்தில் சாயாக்கடை வைத்திருக்கும் மரியஜான் என்பவரிடம் போய், அவருக்கு நிலம் உண்டா என்று கேட்டான்.

"எட்டு சென்டு கெடக்கு சாரே. வேப்பமரம் நிக்குது."

"அதுல ஒரு அலுமினிய உருக்காலை கட்டலாமே?"

"கட்டலாம். என்னத்துக்கு?"

"ஆனா கட்டல்லியே?"

"இல்ல. கட்டாததுக்கு எதும் பைன் போடுவினுமா?"

பைன் போடவில்லை. கேடயம் கொடுத்தார்கள். கட்டியிருந்தால் எவ்வளவு புகை வந்திருக்குமோ அவ்வளவையும் மரியஜான் கட்டாமலே தடுத்துவிட்டார், நூறு சதவீதம். கட்டப்படாத உருக்காலைக்குத் திறக்கா விழா நடந்தது. வேப்பமரத்துக்குக் குறுக்கே ரிப்பன் கட்டி, அதை யாரும் வெட்டாமல் கலைந்து போனார்கள். குமாரதாஸ் மரத்தடியில் நின்று கையை உயர்த்தினார். "இந்த மண்ணில் எழாத அந்தப் புகைபோக்கியை நிமிர்ந்து பாருங்கள்" என்றார். எல்லோரும் பார்த்தார்கள். ராஜகுமாரும் பார்த்தான். தன்னுடையதைவிட உயரமாகத்தான் இருந்தது.

பிறகு சும்மா இருக்க முடியுமா? மயிலாடியில் சிலை செதுக்குகிற ஒருவரைப் பிடித்து, அவர் கட்டாத சிமெண்ட் ஆலையை ராஜகுமார் பதிவு செய்தான். ஷிஜின் பதிலுக்கு ஒரு கட்டாத காகித ஆலை. மற்ற ஒன்பது பேரும் இறங்கினார்கள். ஆறு மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு ஆலைகள் கட்டப்படாமல் நின்றன. தலைமை அலுவலகம் வரைபடத்தை வைத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் போட்டது: கட்டாதவை அத்தனையும் கட்டினால் மாவட்டம் போதாது, சிலவற்றைக் கடலுக்குள் கட்டாமல் விடவேண்டி வரும்; ஆகவே இனிமேல் இருக்கிற ஆலைகளை மட்டுமே கொண்டு வரவும். கூடவே இன்னொரு வரி. 2012 ஜனவரியில் முதல் அளவு எடுக்கப்படும், ஆண்டு முடிவில் மறு அளவு. யாருடைய வாடிக்கையாளர் அதிகம் குறைக்கிறாரோ அவரே மண்டல மேலாளர்.

மண்டல மேலாளருக்கு ஜன்னல் வைத்த தனி அறை. காற்று விற்கும் அந்த அலுவலகத்தில் காற்று வருகிற ஒரே அறை அதுதான். விதைத்தாள் கார்டு இருநூறு. ராஜகுமாருக்கு அந்த அறை வேண்டும். அதைவிட முக்கியமாக, ஷிஜினுக்கு அது கிடைக்கக் கூடாது.

அந்தச் சமயம் பார்த்து நேசபாயிடமிருந்து போன் வந்தது. ராஜகுமார் பைக்கை ஏழெட்டு உதை உதைத்துக் கிளப்பிக் கருங்கலுக்குப் போனான்.

"ஹாலந்துக்காரன் கடுதாசி போட்டிருக்கான் மக்கா" என்றார் நேசபாய். ஐம்பது வயது, கண்ணாடிக்கு மேலாக மனிதர்களைப் பார்ப்பவர். "ஒரு வருசத்துக்குள்ள புகைய இருவது சதமானம் கொறச்சதாச் சர்ட்டிபிகேட் காட்டணுமாம். இல்லேன்னா எனக்க பருப்பு வேண்டாமாம். நூத்தி முப்பது பெண்ணுங்க இஞ்ச அண்டித் தோடு தல்லி உடைக்குது. நான் எங்கண போயிக் கொறைக்க?"

"நீங்க ஆறு வருசம் முன்னயே கொறச்சாச்சுன்னு எழுதலாமே அக்கா."

"எழுதினேன். மொத அளவு எடுக்கதுக்கு மின்னால உள்ளது கணக்கில வராதாம். வெறகு வெலை தாங்காம நான் அப்பமே திருந்தினது தப்பாப் போச்சு."

இருவரும் சாயா குடித்தார்கள். ராஜகுமார் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தான். கோவைக்கொடியில் பழம் சிவந்து கிடந்தது. அவன் மூளையில் ஏதோ பளிச்சென்று எரிந்தது. அவனுக்கு அது யோசனை மாதிரித் தோன்றியது.

"அக்கா, ஒரே ஒரு நாளு புகை போடுவோமா?"

நேசபாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அளவெடுக்க வாற அண்ணைக்கு மட்டும். நல்லாப் போடுவோம். பெறவு நிறுத்தீருவோம். நிறுத்தினா கொறஞ்சதுதானே?"

"புகையக் கொறைக்கதுக்குப் புகை போடணுமா?"

"அடிப்படை இல்லாம எப்பிடி அக்கா கொறைக்க?"

நேசபாய் சாயா டம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே பெண்கள் கொட்டை உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "நீ படிச்ச பிள்ளைதானா?" என்றார் கடைசியில்.

"எம்.பி.ஏ. அக்கா."

"அப்ப செரி. செய்யி."

அளவெடுக்கும் நாளில் விடியற்காலமே ஒரு லாரி நிறையப் பச்சைக் கதம்பை வந்து இறங்கியது. தேங்காய் உரித்த தொலி. ஈரமாக இருந்தால் அதைப்போல் புகைகிற பொருள் இந்த மாவட்டத்தில் கிடையாது. கூடவே பழைய டயர் ஆறு. ராஜகுமார் டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, தானே குனிந்து ஊதினான். ஊதி ஊதி முகம் கறுத்தது. கதம்பைக் குவியலுக்கு முன்னால் நின்று செல்போனில் தன்னைத்தானே ஒரு படமும் எடுத்துக்கொண்டான். மண்டல மேலாளர் ஆன பிறகு பார்த்து ரசிப்பதற்கு. பத்து மணிக்குப் புகைபோக்கி ஒருமுறை இருமிவிட்டு, கறுப்பாகக் கக்கத் தொடங்கியது.

சென்னையிலிருந்து வந்த தணிக்கையாளர் காரிலிருந்து இறங்கியதும் இருமினார். இருமிக்கொண்டே புன்னகைத்தார். "அருமையான அடிப்படை" என்றார். அவர் குறிப்பேட்டைத் திறந்த நேரத்தில் தேனீக்கள் இறங்கின. மற்றவர்கள் சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஓட, கொட்டு வாங்கியது தணிக்கையாளர் மட்டும்தான். வீங்கிய உதட்டோடு அவர் படிவத்தில் 'உயிரினங்களுக்குக் கடும் பாதிப்பு' என்று தனியாக ஒரு வரி சேர்த்தார். அதற்கு உபரி மதிப்பெண் உண்டு.

ஊருக்குள்ளிருந்து பெண்கள் திரண்டு வந்தார்கள். "ஏட்டி நேசபாய், உனக்கு மண்ட கொழம்பிச்சா?" என்று ஒருத்தி மதிலுக்கு வெளியே நின்று கேட்டாள். "ஆறு வருசமா நல்லாத்தானே இருந்தது? கொடியில துணி கெடக்கு."

"ஒரு நாளைக்குப் பொறுத்துக்கோ பிள்ளே" என்றார் நேசபாய். "புகைய நிறுத்தப் போறோம். அதுக்கு உள்ள வேலையாக்கும் இது."

அவள் ராஜகுமாரின் கறுத்த முகத்தைப் பார்த்தாள், டையைப் பார்த்தாள். பிறகு துணி எடுக்கப் போய்விட்டாள்.

அதன் பிறகு ராஜகுமார் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பது மட்டும்தான். பதினோரு மாதம் அதை அவன் மிகுந்த கவனத்தோடு செய்தான். டிசம்பரில் அதே தணிக்கையாளர், இந்த முறை முகத்துக்கு வலை கட்டிக்கொண்டு வந்து அளவெடுத்தார். புகை இல்லை. கோவைக்கொடிகூட மறுபடி தளிர்த்திருந்தது.

"எப்படி இதைச் சாதித்தீர்கள்?" என்று நேசபாயிடம் கேட்டார்.

"ஒண்ணும் செய்யல்ல."

'செலவில்லாத, எளிய, எங்கும் பின்பற்றத்தக்க தொழில்நுட்பம்' என்று அவர் எழுதிக்கொண்டார். தொண்ணூற்றேழு சதவீதம். நிறுவனத்தின் வரலாற்றில் அப்படி ஒரு குறைப்பு இருந்ததில்லை. ஷிஜினின் சூளை இந்த முறையும் இருபதில்தான் நின்றது. ராஜகுமார் அன்று மிளகுச் செடிக்குத் தானே வெள்ளம் ஊற்றினான். சுபிதா வாசலில் நின்று ஆச்சரியமாகப் பார்த்தாள்.

விழா 2013 ஜனவரியில், கன்னியாகுமரியில் கடல் பார்த்த ஒரு ஹோட்டலில். மின்வெட்டுக் காலம், ஆகவே தூய எரிசக்தி விழாவுக்கு இரண்டு டீசல் ஜெனரேட்டர்கள் வாசலில் நின்று உறுமின. மேடையில் குமாரதாஸ், நேசபாய், அந்தச் சுற்றாத காற்றாலை. ராஜகுமார் முதல் வரிசையில் புதுச் சட்டையில் இருந்தான். எழுந்து நடக்க வசதியாகச் செருப்பை முன்கூட்டியே மாட்டிக்கொண்டான்.

"இந்த ஆண்டின் மண்டல மேலாளர்" என்று குமாரதாஸ் நிறுத்தினார். "மேற்குப் பகுதிப் பொறுப்பாளர், ஷிஜின்."

ராஜகுமார் பாதி எழுந்திருந்தான். அந்த நிலையிலேயே கொஞ்சநேரம் நின்றான்.

விஷயம் இதுதான். போன வாரம் நிறுவனம் பகுதிகளை மறுசீரமைத்திருந்தது. கிழக்கு ராஜகுமாருக்கு, மேற்கு ஷிஜினுக்கு. சுற்றறிக்கை மின்னஞ்சலில் வந்திருந்தது. மின்சாரம் இல்லாததால் ராஜகுமார் பார்க்கவில்லை. கருங்கல் மேற்கில் இருப்பது யாருடைய குற்றமும் அல்ல.

ஷிஜின் ஒலிவாங்கியைப் பிடித்தான். "அந்த அண்டி ஆபீசை முதன்முதலாப் பார்த்த நாளை என்னால மறக்க முடியாது" என்றான். அவன் அங்கே போனதே கிடையாது. "அந்தப் புகை. அந்தப் பெண்களோட இருமல். அன்னைக்கு என் மனசுக்குள்ள ஒரு உறுதி எடுத்தேன்."

கைதட்டல். ஷிஜினின் கண்ணில் நீர் திரண்டது. அதுவும் பார்க்க லட்சணமாக இருந்தது. அதற்குமேல் ராஜகுமாரால் முடியவில்லை.

"அந்தப் புகை எனக்க புகை" என்றான்.

மண்டபம் திரும்பியது.

"நான் போட்ட புகை சார். கதம்பை நான் ஏத்தினேன். டயர் நான் எரிச்சேன். வாய் வச்சு ஊதினது நான். அதுக்கு மின்ன அங்க ஒரு பொட்டுப் புகை கெடையாது. இவன் அந்த ரோட்டுப் பக்கமே வரல்ல." செல்போனை எடுத்துப் படத்தைத் தூக்கிக் காட்டினான். கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் வெள்ளையாக, டை முதுகுப் பக்கம், பின்னால் கதம்பை மலை. உண்மை பேசுகிறவனின் முகத்தில் வருவதாகச் சொல்லப்படும் ஒளி அவனிடம் சற்றும் இல்லை. பொருளைப் பறிகொடுத்தவனின் முகம்தான் இருந்தது.

குமாரதாஸ் மெல்லத் திரும்பினார். "அம்மா, இவர் சொல்றது நெசமா?"

நேசபாய் கையிலிருந்த சான்றிதழை மடக்காமல் பைக்குள் வைத்தார். ஜிப்பை இழுத்து மூடினார். பையைத் தோளில் மாட்டினார். பிறகு சொன்னார்: "உள்ளதுதான். பெண்ணுங்களுக்கு ரெண்டு நாளு இருமலு மாறல்ல."

குமாரதாஸ் போனை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். கால் மணி நேரம். ஷிஜின் கேடயத்தை மார்போடு அணைத்தபடி நின்றான். ராஜகுமாருக்கு வேலை போய்விட்டது என்று மண்டபம் தீர்மானித்து, பிரியாணி பக்கம் நகரத் தொடங்கியது. ராஜகுமாருக்கும் அது தெரிந்தது. போனால் போகட்டும், ஷிஜினுக்கும் இல்லாமல் போனால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நின்றான்.

குமாரதாஸ் திரும்பி வந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது.

"நண்பர்களே, சிலர் இதை முறைகேடு என்று சொல்லலாம். தலைமை அலுவலகத்தில் பேசினேன். சான்றிதழை ரத்து செய்தால் நம் நிறுவனத்தின் மொத்தக் குறைப்பு குறையும். குறைப்பைக் குறைப்பது நம் கொள்கைக்கு விரோதம். ஆகவே சான்றிதழ் நிற்கும். ஷிஜினின் பதவியும் நிற்கும். ஆனால் ராஜகுமார் இன்று நம் கண்ணைத் திறந்திருக்கிறார். இந்த மாவட்டத்தில் புகையே இல்லாத தொழில்கள் ஆயிரக்கணக்கில் வீணாகக் கிடக்கின்றன. கயிறு திரிப்பவர், பூக் கட்டுபவர், சிலை செதுக்குபவர். சுத்தமாக இருக்கிற ஒரே காரணத்துக்காக இவர்களால் சுத்தமாக முடியவில்லை. அது அநியாயம் இல்லையா? இவர்களுக்கு முதலில் ஒரு புகையைக் கொடுப்போம். பிறகு அதை எடுப்போம். இதற்காக இன்று ஒரு புதுப் பிரிவு தொடங்குகிறோம். அடிப்படை உருவாக்கப் பிரிவு. அதன் மண்டல மேலாளர் ராஜகுமார்."

கைதட்டல் ஜெனரேட்டரை அமுக்கியது. நேசபாய் மேடையிலிருந்து இறங்கி வரும்போது ராஜகுமாரின் பக்கம் நின்றார். "வாற வருசமும் இருவது கொறைக்கணுமாம், ஹாலந்துக்காரன் சொல்லுகான். பொறவும் கதம்பை ஏத்தீட்டு வருவியா?"

"இனி அதுதான் எனக்க உத்தியோகம் அக்கா."

"நல்லது. டயரு வேண்டாம். தேனீச்சை பாவம்."

ராஜகுமாருக்கு ஜன்னல் வைத்த அறை கிடைத்தது. புதிதாகக் கட்டியது, ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டரின் புகைக்குழாய். விதைத்தாள் கார்டும் இருநூறு வந்தது. முதல் கார்டைக் கேட்டு வந்தவன் ஷிஜின். இரண்டு விரலால் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டான். அவன் முகத்தில் ராஜகுமார் எதையோ கண்டான். கண்ணாடியில் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த ஒன்று. அன்றிரவு ராஜகுமார் அசந்து தூங்கினான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆசாரிப்பள்ளம் வழியாக வந்தபோது ஷிஜினின் வீட்டு வாசலில் பைக் தானாக நின்றது. அதாவது வழக்கம்போல் ஆஃப் ஆகியது. ஷிஜின் கையில் குவளையோடு நின்றிருந்தான். முன்னால் ஒரு மண்தொட்டி. மண்ணுக்கு வெளியே ஒரு கார்டின் முனை துருத்திக்கொண்டிருந்தது. ராஜகுமாரின் பெயரில் முதல் இரண்டு எழுத்து தெரிந்தது.

"வா மக்கா" என்றான் ஷிஜின், கொஞ்சம் திடுக்கிட்டு. பிறகு நிமிர்ந்தான். "நட்டு மூணு மாசம் ஆச்சு. வெள்ளம் விட்டேன், சாணி போட்டேன், வெயிலுக்கு மாத்தி வச்சேன். உனக்க கார்டு ஒரு எல கூட விடல்ல, கேட்டியா."

"மண்ணு செரியில்லாம இருக்கும்."

"பக்கத்துத் தொட்டியில கீர வந்திருக்கே. அதே மண்ணுதான்."

ராஜகுமார் குனிந்து பார்த்தான். உண்மைதான். கீரை கொழுகொழுவென்று நின்றது. ஷிஜின் வாஞ்சையோடு அவன் தோளைத் தட்டி, நன்றாகச் சாப்பிடுகிறவனின் குரலில் சொன்னான். "பரவாயில்ல மக்கா. செலதுக்கு யோகம் வேணும்."

ராஜகுமார் பைக்கைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். கொல்லைக்குப் போனான். காந்தாரிச் செடி இப்போது இடுப்பளவு நின்றது. கிளைதோறும் மிளகு வானத்தைப் பார்த்துச் சிவந்து கிடந்தது. மூன்றாவது வருடக் காய்ப்பு.

"பறிச்சிட்டு வாருங்க" என்று அடுக்களையிலிருந்து சுபிதா கூப்பிட்டாள். "பக்கத்து வீட்டுல கேட்டாவ. அவங்களுக்கும் ஷிஜின் அண்ணனுக்க மொளவுதான் வேணுமாம்."